நிற்கும்போது மட்டும்

ஏப்ரல் 22, 2025

இல்லை, நான் ஓங்கி மிதிக்கவில்லை.

மிதித்திருந்தால் என் காலுக்குத் தெரிந்திருக்கும். டோல்கேட்டுக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டேன். எதிரே ஒரு லாரி நின்றது. மெதுவாக, இன்னும் மெதுவாக, கிட்டத்தட்ட நின்றாயிற்று. அந்தக் கடைசிக் கணத்தில் வண்டி தானாக முன்னால் துள்ளியது. எஞ்சின் திணறி, அணையப்போய், மீண்டது. பின் இருக்கையில் இருந்த அத்தையின், என் மாமியாரின், நெற்றி முன் இருக்கையில் இடித்தது. மடியில் வைத்திருந்த பாயசத் தூக்கு கவிழ்ந்தது. பட்டுப்புடவை முழுக்கப் பாயசம்.

உறவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காகச் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். மீதி வழியில் யாரும் பேசவில்லை.

திரும்பும்போது என் கணவர் ஸ்ரீதர் சாவிக்காகக் கையை நீட்டினார். கொடுத்தேன். கடலூர் வந்து முதல் சிக்னலில் வண்டி வழுக்கிக்கொண்டு நின்றது.

“பாத்தியா?” என்றார்.

ஏப்ரல் 23

அத்தையின் நெற்றியில் சின்னப் புடைப்பு. தைலம் தடவினேன்.

“மண்டைய வுடு. அது தானா அடங்கிடும். பொடவ அடங்குமா?” என்றார்.

ஏப்ரல் 26

வண்டி அப்பாவுடையது. அப்பாவுக்கு இடது கால் சிறுவயதிலேயே இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால்தான் புதுச்சேரியில் தேடி ஆட்டோமேட்டிக் கார் வாங்கினார், பழையதாக. எங்கள் ஊரான சிதம்பரத்தில், பல்கலைக்கழகத்தின் உள்சாலைகளில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எம்.ஏ. வகுப்புக்கு என்னை ஏற்றிப்போவதாகச் சொல்லிக்கொண்டு என்னையே ஓட்டச் சொல்வார். எனக்கு ஒரு காலில் ஓட்டும் வண்டிதான் தெரியும். அப்பா இறந்த மறு வருடம் கல்யாணம். அம்மா வண்டியை என்னோடு அனுப்பிவைத்தாள்.

“கியர் போடாம ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டமா. அது குழந்தைங்க ரங்கராட்டினம்” என்று ஸ்ரீதர் நண்பர்களிடம் சொல்வதுண்டு. நானும் சிரிப்பேன்.

இன்று அவர் சிரிக்கவில்லை. சிதம்பரம் கல்லூரியில் எனக்குக் கிடைத்திருக்கும் வேலையைப் பற்றிப் பேசினோம். ஆங்கிலத்துறை. மதியத்துக்கு மேல் தொடங்கும் வகுப்புகள். ஜூன் பதினாறு சேர வேண்டும். வீட்டில் இருந்து போய் வருவதாகத்தான் பேச்சு. வண்டி இருக்கிறதே என்றுதான் சம்மதம்.

“வண்டியில கோளாறுன்னா சரி பண்ணிடலாம். உன் கால்ல கோளாறுன்னா எந்தப் பட்டறையில வுடுறது?”

பஸ்ஸில் போகிறேன் என்றேன்.

“பஸ்ல தொங்கிகிட்டு ராத்திரி எட்டு மணிக்கு வந்து எறங்குவியா? மஞ்சக்குப்பத்துல என்னை நாலு பேருக்குத் தெரியும் மதி.”

ஸ்ரீதர் வக்கீல். குரலை உயர்த்த மாட்டார். கோபப்பட்டாலாவது பதில் சொல்லலாம்.

பஸ்ஸில் போகக் கூடாது. காரை ஓட்டத் தெரியாது. இரண்டு கதவு. இரண்டும் சாத்தித்தான் இருக்கின்றன, யாரும் சாத்தியதாகவே தெரியாமல்.

மே 1

செம்மண்டலத்தில் அருண்குமாரின் பட்டறை. அருண்குமார் ஸ்ரீதரோடு பள்ளியில் படித்தவர். இருவரும் வண்டியை எடுத்துக்கொண்டு சில்வர் பீச் வரை போய்த் திரும்பினார்கள். நான் டயர் அடுக்கின் நிழலில் நின்றேன்.

“மச்சான், வண்டி ஜம்முன்னு இருக்கு. பொழுதன்னிக்கும் ஓட்டலாம்” என்று சொல்லிக்கொண்டே அருண்குமார் இறங்கினார். அப்புறம் என் பக்கம் திரும்பி, “சிஸ்டர், பிரேக்க முட்டை மேல கால் வைக்கிற மாதிரி வைக்கணும். ஒடையக் கூடாது.”

ஊருக்குள் எனக்கும் உலுக்குவதில்லை, நெடுஞ்சாலையில் வெகுதூரம் போய் நிறுத்தினால்தான் என்றேன்.

“அதெப்படி சிஸ்டர்? ரொம்ப தூரம் வந்துட்டோம்னு வண்டிக்கு எப்படித் தெரியும்?”

இருவரும் சிரித்தார்கள். நல்ல கேள்வி. சிரித்துவிட்டதால் யாரும் பதில் தேடவில்லை.

மே 4

காலையில் அத்தையோடு சந்தைக்குப் போனேன். நான்தான் ஓட்டினேன். செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு. எங்கும் உலுக்கவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அத்தை முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். கடவுளைப் பிடிப்பதுபோல.

கால் திருந்திவிட்டதா? அல்லது கால் எப்போதும் இப்படித்தானா?

கெட்ட விஷயம் என்னவென்றால் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நடக்கும்போதுகூட வலது காலைப் பார்த்து வைக்கிறேன்.

மே 5

கோர்ட் விடுமுறை. அவர் நாள் முழுக்க வீட்டில்.

மே 9

இணையத்தில் படித்தேன். நிற்கும்போது ஆட்டோமேட்டிக் வண்டி உலுக்கினால் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெய் கெட்டிருக்கலாம். எஞ்சினைத் தாங்கும் ரப்பர் பிய்ந்திருக்கலாம். உள்ளே ஏதோ ஒரு வால்வு ஒட்டிக்கொண்டிருக்கலாம். உலகமெங்கும் பேர் தெரியாத ஆட்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்கிறார்கள்: எப்போது உலுக்குகிறது? சூடாக இருக்கும்போதா? மெதுவாகவா, திடீரென்றா? யாரும் யாரையும் உன் கால்தான் என்று சொல்லவில்லை. அதைப் படிக்கவே ஆறுதலாக இருந்தது.

அவர் குளிக்கும் நேரத்தில் பானெட்டைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, கியர்பாக்ஸ் எண்ணெயின் அளவுக் குச்சியை உருவிப் பார்த்தேன். புது எண்ணெய் சிவப்பாக இருக்குமாம். இது டிகாக்‌ஷன் போல இருந்தது. முகர்ந்தால் தீய்ந்த வாசனை. துணியில் துடைத்து அவரிடம் காட்டினேன்.

“எண்ணெய்னா கருப்பாதான் இருக்கும்.”

“இது செவப்பா இருக்கணுமாம்.”

“யார் சொன்னது?”

இணையம் என்றேன். துணியைத் திருப்பிக் கொடுத்தார். கையை முகர்ந்து பார்த்தார். மறுபடி கைகழுவப் போனார்.

மே 14

அம்மாவுக்குக் காய்ச்சல். போகிறேன் என்றேன். நானும் வருகிறேன், நானே ஓட்டுகிறேன் என்றார். அக்னி வெயில். ஏ.சி. இரைச்சலில் பேச வேண்டியிருக்கவில்லை.

எத்தனையோ முறை அந்த இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், கருவேல முள், உப்பு வெளி. இன்று ஏனோ ஜன்னலைப் பார்க்கவில்லை.

டோல்கேட் தெரிந்தது. வேகம் குறைந்தது. அவருடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கி, கியர்த் தண்டை ஒரு தட்டுத் தட்டியது. ஓடும் நிலையான டியிலிருந்து நியூட்ரலுக்கு. வண்டி சும்மா உருண்டு போய் நின்றது. முன்னால் நின்ற வண்டி நகர்ந்ததும் மறுபடி டி. அவ்வளவு இயல்பாக. கொசுவைத் தட்டுவதுபோல.

சிதம்பரத்துக்குள் நுழையும் வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் அதே தட்டு.

“ஏங்க, நிக்கறதுக்கு முன்னாடியே எதுக்கு நியூட்ரல் போடுறீங்க?”

“பெட்ரோல் மிச்சம். எல்லாரும் பண்றதுதான்.”

உண்மைதான். கியர் வண்டி ஓட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். பஸ் டிரைவர்கூடச் செய்வார். அப்பா செய்ததில்லை. ஓடும்போது தண்டைத் தொடாதே, இந்த வண்டி அதுவே பார்த்துக்கொள்ளும் என்பார்.

“திரும்பிப் போறப்ப ஒரு தடவ போடாம நிறுத்திப் பாருங்களேன்.”

“எதுக்கு?”

“சும்மா பாக்கத்தான்.”

“என்னையே டெஸ்ட் பண்றியா?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். திரும்பும் வழியெல்லாம் தட்டினார். முன்பைவிடப் பலமாகத் தட்டியதுபோல் இருந்தது. அது என் கற்பனையாக இருக்கலாம்.

மே 15

நினைவு வருகிறது. எழுதிவிடுகிறேன்.

கல்யாணமான புதிதில் பிச்சாவரம் போனோம். அவர் ஓட்டினார். கிள்ளை ரயில்வே கேட்டில் நின்றோம். அவருடைய இடது கை என் கையின் மேல் இருந்தது. வேகம் குறைந்து வண்டி நிற்கும்போதும் அங்கேயேதான் இருந்தது. தண்டைத் தட்டவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் என் விரல் மரத்துப்போய்விட்டது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

அப்படியானால் அந்தக் கை பிற்பாடுதான் கற்றுக்கொண்டது. பெட்ரோலுக்காக என்றால் முதலிலேயே அல்லவா தட்டியிருக்கும்.

ஏதோ ஒரு நாள் அவருக்கும் உலுக்கியிருக்கிறது. தட்டினால் உலுக்கவில்லை என்று கை கண்டுபிடித்திருக்கிறது.

கைக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாதா?

மே 18

சாவி ஆணியில் இல்லை. முன்பெல்லாம் காலண்டருக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும். இப்போது அவர் சட்டைப்பையில். கேட்டால் கொடுப்பார். எங்கே, எதுக்கு, நானே கூட்டிட்டுப் போறேனே. மூன்று கேள்வியும் அன்பாகத்தான் இருக்கும்.

மே 19

நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தோம். அத்தையிடம் கேட்டேன், “அன்னைக்கு நான் ஓங்கியா மிதிச்சேன்?”

“எனக்கு என்னா தெரியும். நான் பாயசத்தப் பாத்துகிட்டு இருந்தேன்.”

கொஞ்ச நேரம் கழித்து: “நீ ஓட்டுனா பயமா இருக்கு. அவன் ஓட்டுனா தூக்கம் வருது. அதுக்கு மேல எனக்குத் தெரியாது.”

அவரைத் தவிர இருந்த ஒரே சாட்சி.

மே 24

அவர் ஏதோ கேஸ் விஷயமாகச் சென்னை போனார். நாளைதான் வருவார். துவைக்கப் போட்ட சட்டையின் பையில் சாவி இருந்தது.

ஈரக்கையோடு அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். என் அப்பாவின் வண்டி. என்னிடம் லைசென்ஸ் இருக்கிறது. எனக்கு இருபத்தெட்டு வயது. இதையெல்லாம் எனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

அத்தையிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன். டி.வி.யைவிட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னார்: “நான் ஒண்ணும் பாக்கல. வெளக்கு வைக்கறதுக்குள்ள வூட்டுக்கு வந்துடு.”

நெடுஞ்சாலை. ஒரே வேகத்தில் போனேன். டோல்கேட்டில் தண்டைத் தொடாமல், டியிலேயே, முட்டை மேல் கால் வைப்பதுபோல் வைத்து நிறுத்தினேன். துள்ளியது. எஞ்சின் திணறியது. நான் சிரித்துவிட்டேன். பணம் வாங்கும் கூண்டில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

தாண்டிப் போய், மறுபடி வேகம் எடுத்து, ஓரமாக நிறுத்தும் முன் நியூட்ரலில் தட்டினேன். உலுக்கவில்லை. மறுபடி வேகம் எடுத்து, தட்டாமல் நிறுத்தினேன். துள்ளியது. என் கால் ஒரே கால்தான். மாறியது தண்டு மட்டும்.

அதன்பிறகு ஓரத்தில் நின்று அழுதேன். எதற்கென்று தெரியவில்லை.

சிதம்பரத்தில் ஜெயப்பிரகாஷின் பட்டறைக்குப் போனேன். கியர்பாக்ஸ் வேலை மட்டும் செய்கிறவர். அப்பா காலத்தில் ஒருமுறை வந்திருக்கிறோம். கேட்டவுடன், “எஞ்சின் ரப்பர் போயிருக்கும் மேடம். மாத்திடலாம், மத்தியானம் எடுத்துக்கலாம்” என்றார். நியூட்ரலில் வராது, டியில்தான் வருகிறது, அதுவும் சூடேறிய பிறகுதான் என்றேன். கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“நியூட்ரல்ல வரலையா? நல்லாப் பாத்தீங்களா?”

“மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன்.”

“அப்ப ரப்பர் இல்ல. வாங்க, ஒரு ரவுண்டு போலாம். நீங்களே ஓட்டுங்க.”

கோளாறு காட்டும் ஒரு சின்ன மீட்டரைப் பெடலுக்கு மேலே இருந்த துளையில் செருகிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தார். புறவழிச்சாலையில் வெகுதூரம் போய் நிறுத்தினேன். துள்ளியபோது மீட்டரைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் எழுதிவைக்கிறேன். ஒரே வேகத்தில் போகும்போது எஞ்சினையும் கியர்பாக்ஸையும் உள்ளே ஒரு கிளட்ச் இறுகப் பிடித்துக்கொள்கிறது. வேகம் குறைந்தால் அது விட்டுவிட வேண்டும். விடச் சொல்வது ஒரு சின்ன வால்வு. கெட்டுப்போன எண்ணெய் சூடேறினால் அந்த வால்வு ஒட்டிக்கொள்கிறது. சக்கரம் நிற்கப் பார்க்கிறது. எஞ்சின் நிற்க முடியாது. ஆனால் பிடி விடுவதில்லை. ஊருக்குள் அந்த வேகமே வராது, அதனால் கிளட்ச் பிடிப்பதும் இல்லை. நியூட்ரலில் போட்டால் சக்கரத்தோடு தொடர்பே அறுந்துவிடுகிறது.

ரொம்ப தூரம் வந்துட்டோம்னு வண்டிக்கு எப்படித் தெரியும்? இப்படித்தான்.

இதற்கு உவமை எதுவும் எழுதப்போவதில்லை. இது ஒரு வால்வு.

“சென்னையிலேருந்து வரவழைக்கணும். சொல்லி வைக்கட்டுமா?” என்றார். சொல்லிவையுங்கள் என்றேன்.

விளக்கு வைப்பதற்குள் வந்துவிட்டேன். அத்தை திரும்பிப் பார்க்காமல், “வந்துட்டியா” என்றார்.

மே 25

சொல்லிவிட்டேன். மறைக்கத் தோன்றவில்லை. அவர் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை, சொல்லிக்கொண்டே போனேன். வால்வு, எண்ணெய், சூடு, நியூட்ரல். மாணவி ஒப்பிப்பதுபோல. சொல்லச் சொல்ல என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அது எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது.

முழுவதும் கேட்டார். பிறகு:

“நான் இல்லாதப்ப சாவிய எடுத்துகிட்டுப் போயிருக்க.”

“வால்வுதாங்க. என் கால் இல்ல.”

“அது இல்ல நான் கேக்கறது.”

வழக்கு மாறிவிட்டது. குற்றம் இப்போது பிரேக் இல்லை, சாவி.

மே 29

அவர் பேசுகிறார். தண்ணி குடு, ஃபேன் போடு. சாவி மறுபடி சட்டையில். துவைக்கப் போடும் முன் பையைத் தடவிப் பார்த்துவிட்டுப் போடுகிறார்.

ஜூன் 2

அம்மா போனில்: “அவரு சொல்றதும் நியாயம்தானடி. ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போயிருக்கலாம்ல?”

கேட்டிருந்தால் போயிருக்க முடியாது. அதை அம்மாவிடம் சொன்னேன். “அதான் சொல்றேன்” என்றாள். எதைச் சொல்கிறாள் என்று புரியவில்லை. அவளுக்கும் புரிந்திருக்காது.

ஜூன் 3

கல்லூரி முதல்வர் பேசினார். “பதினாறாம் தேதி வந்துடுவீங்கல்ல மேடம்? இல்லன்னா வேற ஒருத்தங்க வெயிட் பண்றாங்க.”

வந்துடுறேன் சார் என்றது என் வாய்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் அடுப்பில் பால் பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். உண்மையைத்தான் பேசினேன், சரியாகத்தான் கண்டுபிடித்தேன். அதனால் என்ன ஆயிற்று? சரியாக இருப்பது ஒரு சாவி என்று எண்ணியிருந்தேன். படித்தவர்களுக்கு வரும் நோய் இது.

ஜூன் 5

நடந்ததை அத்தைதான் சொன்னார், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு. கோர்ட் திறந்துவிட்டது. நேற்று ஸ்ரீதர் தன் சீனியர் கோவிந்தசாமியை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். வழியில் யாரோ கட்சிக்காரர் போன். இடது கையில் போனைப் பிடித்துக் காதில் வைத்தபடியே டோல்கேட்டில் நிறுத்தியிருக்கிறார்.

“சீனியருக்கு நெத்தியில பொடப்பாம். எனக்கு வந்த அதே எடத்துல” என்றார் அத்தை. தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். “அருண்குமார் வந்து சொல்லிச் சிரிக்கிறான். இவன் மூஞ்சிய பாக்கணுமே.”

நான் சிரிக்கவில்லை. பயமாக இருந்தது. இதற்கும் என் பங்கு ஏதாவது வெளியே வருமோ என்று.

இரவுச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பழைய வண்டி. ஏதாவது ஒண்ணு இருக்கத்தான் செய்யும். அந்த ஜெயப்பிரகாஷ்கிட்ட வுட்டுப் பாரு.”

சரிங்க என்றேன். ரசம் ஊற்றினேன்.

ஜூன் 6

வண்டியை விட்டுவிட்டு வந்தோம். ஜெயப்பிரகாஷ் வால்வை வரவழைத்து வைத்திருந்தார். ஸ்ரீதரிடம், “மேடம் எல்லாத்தையும் பாத்து வெச்சுட்டுதான் சார் வந்தாங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்” என்றார். ஸ்ரீதர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படித்தார்.

ஜூன் 8, ஞாயிறு

வண்டியை எடுத்துவர பஸ்ஸில் போனோம். முகூர்த்த நாள் கூட்டம். எனக்கு இடம் கிடைத்தது. அவர் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிதம்பரம் வரை நின்றுகொண்டே வந்தார். அவரைத் தெரிந்த நாலு பேரில் யாரும் அந்தப் பஸ்ஸில் இல்லை.

திரும்பும்போது அவர் ஓட்டினார். டோல்கேட்டில் வரிசை காலி, நிற்காமலே கடந்தோம். முதுநகர் வந்ததும் முன்னால் ஒரு டவுன் பஸ், ஆள் இறக்கிக்கொண்டு. வேகம் குறைந்தது. அவருடைய இடது கை ஸ்டியரிங்கை விட்டு இறங்கியது.

“இனிமே அது வேணாங்க” என்றேன்.

“எது?”

கை பாதி வழியில் நின்றது. தண்டுக்கும் ஸ்டியரிங்குக்கும் நடுவில், காற்றில். நான் அந்தக் கையைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்தார், வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல். பிறகு அது ஸ்டியரிங்குக்கே திரும்பிப் போனது.

வண்டி நின்றது. ஒன்றுமே நடக்கவில்லை.

டவுன் பஸ் கிளம்பிப் போனது. பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்தது. அவர் உடனே எடுக்கவில்லை.

“கை அதுவா போவுது மதி. எனக்கே தெரியல” என்றார்.

இருக்கலாம். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் அதே கைதான் சான்று. ஏப்ரலிலேயே தெரியுமா என்று கேட்க நினைத்தேன். கேட்டால் அவர் வக்கீலாகிவிடுவார். கேட்கவில்லை. கெடிலம் பாலம் வரை இருவரும் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்தில் நான் மட்டும் உட்கார்ந்திருக்கவில்லை.

ஜூன் 12

“திங்கக்கிழமை போ. ஆனா தனியா வேணாம். அம்மாவக் கூட்டிட்டுப் போ” என்றார்.

கதவு திறந்தது. வாசலில் அத்தையை உட்காரவைத்து.

ஜூன் 16

அத்தை பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். அதே புடவை. ஓரத்தில் பாயசக் கறை மங்கலாகத் தெரிகிறது. பின் கதவைத் திறந்து, யோசித்து, சாத்திவிட்டு முன்னால் ஏறிக்கொண்டார்.

“பின்னால உக்காந்தா எது எப்ப இடிக்கும்னு தெரியல.”

வழியெல்லாம் என் காலையும் தண்டையும் மாறி மாறிப் பார்த்தார். டோல்கேட்டில் இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். நின்றேன்.

“எங்க, ஒண்ணும் காணமே” என்றார். ஏமாற்றம்போல் இருந்தது.

அம்மா வீட்டில் அவரை இறக்கிவிட்டுக் கல்லூரிக்குப் போனேன். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். முதல் வகுப்பில் முக்கால்வாசி நேரம் பெயர் கேட்டதிலேயே போய்விட்டது.

மாலை திரும்பும்போது அத்தை: “உங்கம்மா காபியில சக்கர ஜாஸ்தி. நாளைக்கு நானே போட்டுக்கறன்.”

நாளைக்கு. அதாவது தினமும்.

ஜூன் 24

அத்தை பக்கத்தில். தினமும். நான் எப்போது கிளம்பினேன், எங்கே நின்றேன், யார் போனில் பேசினார்கள் எல்லாம் இரவு ஸ்ரீதருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அத்தை கோள் சொல்கிற மாதிரிச் சொல்வதில்லை. செய்தி வாசிப்பதுபோல் வாசிக்கிறார். இன்று ஒரு மாணவன் சாலையில் கையாட்டினான். அதுவும் செய்தியில் வந்தது.

ஸ்ரீதர் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார்.

ஜூலை 3

புத்தகக்கடையில் வண்டியை நிறுத்தினேன். நாவல் ஒன்று வாங்க. கால் மணி நேரம் ஆகிவிட்டது. வெயிலில் அத்தை வண்டிக்குள் விசிறிக்கொண்டிருந்தார். இரவுச் செய்தியில் புத்தகக்கடை வரவில்லை. காத்திருந்தேன். வரவேயில்லை.

ஜூலை 9

கிளம்பும் நேரம். வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு ஹாரன் அடித்தேன். அத்தை வாசலில் வந்து நின்றார். வீட்டுப் புடவைதான். செருப்புப் போடவில்லை.

“எனக்கு முட்டி வலி. நீ போய்ட்டு வா.”

“அவரு கேட்டா?”

“கேட்டா சொல்லிக்கறன். தெனமும் உங்கம்மா கூட உக்காந்து சீரியல் பாக்கறதுக்கா என்னைப் பெத்துப் போட்டாங்க?”

சொல்லிவிட்டு உள்ளே போனார். நடையில் முட்டி வலி எதுவும் தெரியவில்லை.

பக்கத்து இருக்கையில் அவருடைய விசிறி கிடந்தது. அதை எடுத்துப் பின்னால் வைத்தேன். தண்டை டியில் போட்டேன். சிதம்பரம் வரை தனியாக ஓட்டிப் போனேன்.